முன்னோரைத் தேடும் முறை: காஜுலு லட்சுமிநரசு செட்டியார் வரலாற்றை முன்னிட்டு

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கூடத்திலே ஒரு பழைய படம் தொங்கக் காண்கிறோம். தலைப்பாகை, அங்கவஸ்திரம், காதில் கடுக்கன், மடியில் ஒரு தடித்த புத்தகம். "இவர் யார்?" என வினவினால், "எங்கள் கொள்ளுப்பாட்டனாரின் தந்தையார், அந்த நாளிலேயே சட்டசபையில் இருந்தவர்" என்று பெருமிதத்தோடு விடை வரும். "சட்டசபையில் என்ன பேசினார்?" என்று அடுத்த வினாவைத் தொடுத்தால் விடை வருவதில்லை. எந்த ஆண்டில் அமர்ந்தார், யாருக்காக வாதாடினார், யார் அவரைப் பகைத்தார்கள் என்பனவெல்லாம் வீட்டாரின் நினைவிலிருந்து நழுவிவிட்டன. பட்டம் மட்டும் தங்கிற்று, பணி மறைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொதுவாழ்விலே ஈடுபட்ட ஒருவரது வரலாற்றை, நூலாசிரியர்களுக்கு விட்டுவிடாமல், அவர் மரபில் வந்தோரே தேடிக் காண இயலுமா? இயலும் என்பது என் துணிபு. அதிலும் டில்லியில் வாழும் நமக்கு அதற்கான வாய்ப்பு மிகுதி. வெறும் அறிவுரையாக இதனைச் சொல்லிப் போவதைவிட, மெய்யாக வாழ்ந்த ஒருவரை எடுத்துக்கொண்டு, அவருடைய அடிச்சுவடுகள் எங்கெங்கே கிடக்கின்றன என்று காட்டுவது பயன் தரும். நான் தேர்ந்துகொண்டவர் காஜுலு லட்சுமிநரசு செட்டியார். 1806இல் சென்னையில் பிறந்து 1868இல் மறைந்தவர். காங்கிரஸ் மகாசபை தோன்றுவதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே, 1852இல், சென்னையிலே ஓர் அரசியற் சங்கத்தை நிறுவியவர். சட்டசபையிலும் அமர்ந்தவர்; ஸி.எஸ்.ஐ. விருதும் பெற்றவர். இத்தனை இருந்தும், இம்மலரைப் படிக்கும் அன்பர்களுள் எத்தனை பேர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

அவர் வீட்டு மொழி தெலுங்கு. காஜுலு என்றால் அம்மொழியில் வளையல்கள் என்று பொருள். தமிழ்ச் சங்க மலரில் இவருக்கு என்ன இடம் என்று எவரேனும் கேட்பாராயின், சிறிது பொறுத்திருக்க வேண்டுகிறேன். அவர் வாதாடியது யாருக்காக என்பதைக் கண்டபின் அக்கேள்வி எழாது.

முதலில், வீட்டில் உள்ள சான்றுகளின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். நம் குடும்பங்கள் முன்னோர் மறைந்த திதியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றன. மாதம் தெரியும், பட்சம் தெரியும், திதி தெரியும், ஆண்டு தெரியாது! சிராத்தத்துக்கு ஆண்டு தேவையில்லை அல்லவா? சர்க்கார்ப் பதிவேட்டிலோ ஆண்டும் தேதியும் இருக்கும், திதி இராது. இவ்விரண்டையும் பழைய பஞ்சாங்கத்தின் துணைகொண்டு பொருத்துவது முதல் வேலை. வீட்டுப் பத்திரங்களில் ஆண்டு எழுதியிருந்தாலும் அது பெரும்பாலும் அறுபதாண்டுச் சுற்றின் பெயராக இருக்கும். தாது வருஷம் என்றால் பெரும் பஞ்சம் வந்த 1876 என்று பாட்டிமார் அறிவர். ஆனால் 1816ஆம் தாதுவே, 1936ஆம் தாதுவே. பத்திரத்தில் கும்பினி முத்திரை உள்ளதா, மகாராணி முத்திரை உள்ளதா என்று பார்த்தால் எந்தச் சுற்று என்பது விளங்கிவிடும். கும்பினி ஆட்சி 1858இல் முடிந்தது என்ற ஒரு செய்தியே இங்கு பெரிய துணை.

அடுத்த இடர்ப்பாடு பெயர். ஆங்கிலேய எழுத்தர்கள் நம் பெயர்களைத் தம் காதில் விழுந்தவாறு எழுதினர். நம் செட்டியாரையே எடுத்துக்கொள்வோம். ஒரு நூலில் லட்சுமிநரசு, மற்றொன்றில் லட்சுமணரசு. முதலெழுத்து 'க'கரமா 'ஜ'கரமா என்பதிலும், இடையெழுத்தை எவ்வாறு எழுதுவது என்பதிலும் எழுத்தருக்கு எழுத்தர் வேறுபாடு. காஜுலு என்னும் குடும்பப் பெயரின்கீழ்த் தேடுவதா, லட்சுமி என்பதன்கீழ்த் தேடுவதா, செட்டி என்பதன்கீழ்த் தேடுவதா? மூன்றின்கீழும் தேடவேண்டும். முதலியார், பிள்ளை, ஐயர், நாயுடு என்று முடியும் பெயர்களுக்கும் இதே விதி. ஒரே வகையில் எழுதிப் பார்த்து, "ஏட்டில் இல்லை" என்று திரும்பி வருவோர் பலர், ஏட்டில் இருப்பார், எழுத்துத்தான் வேறாக இருக்கும்.

இனி டில்லிக்கு வருவோம். 1891இல் கல்கத்தாவில் இந்திய சர்க்காரின் பழம்பத்திரங்களுக்கென ஓர் இலாகா ஏற்பட்டது. 1911இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டபின், பத்திரங்களும் ஆட்சியைப் பின்தொடர்ந்தன. அவற்றுக்கென 1926இல் புது டில்லியில் எழுப்பிய கட்டடமே, இன்று ஜன்பத் சாலையில் நாம் காணும் தேசிய ஆவணக் காப்பகம். 1937இல் கல்கத்தாப் பத்திரங்கள் யாவும் இங்கு வந்து சேர்ந்துவிட்டன. கோப்புகள் வந்த அதே காலத்தில்தான், அக்கோப்புகளை எழுதுவதற்கும் அடுக்குவதற்கும் தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் நம்மவர்கள் ரயிலேறினார்கள். ஆகவே நம் குடும்பங்களும் அக்கோப்புகளும் ஒரு வகையில் ஒரே பயணத்தில் வந்தவர்கள்! கரோல்பாகிலிருந்தும் லோடி காலனியிலிருந்தும் ஒரு பஸ் பயணத்தில் எட்டக்கூடிய அவ்விடத்துக்குச் சென்று, அடையாளச் சான்றுடன் பதிவு செய்துகொண்டால் வாசிப்பறையில் அமர்ந்து படிக்கலாம். இப்போது கோப்புகள் பல 'அபிலேக் படல்' என்னும் இணையதளத்திலும் கிடைக்கின்றன.

ஆனால் எது எங்கே உள்ளது என்பதை அறிந்து செல்லவேண்டும். சென்னை சர்க்கார் தன் உள்ளாட்சி பற்றி எழுதிக்கொண்டவை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சென்னையிலிருந்து மேலிடமாகிய கல்கத்தாவுக்குச் சென்றவை ஜன்பத்தில் இருக்கின்றன. லண்டனிலிருந்த கும்பினி இயக்குநர் சபைக்குச் சென்றவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. மூன்று இடத்திலும் ஒரே விஷயம் மூன்று கோணத்தில் பதிவாகியிருக்கக்கூடும். கீழதிகாரி மறைத்ததை மேலதிகாரி கேட்டு எழுதியிருப்பார். ஓரிடத்தில் கரையான் தின்றதை மற்றோரிடத்தில் படிக்கலாம்.

செட்டியாரைத் தேடுவோர் முதலில் காண்பது ஒரு வணிகரை. தந்தையார் சித்துலு செட்டியார் அவுரி வாணிகம் செய்தவர். மகனும் துணி வாணிகத்தில் பயின்று பெரும் பொருள் ஈட்டினார். ஈட்டிய பொருளை வீடும் தோப்பும் வாங்குவதில் முடக்காமல், 1844இல் 'கிரெசன்ட்' என்ற ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார். பிறை என்பது அதன் பொருள். ஆசிரியராக ஹார்லி என்னும் ஆங்கிலேயரை அமர்த்திக்கொண்டார். சென்னையில் இந்தியர் குரலாக ஓர் ஆங்கில இதழ் வந்தது அக்காலத்தில் எத்துணைப் புதுமை என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். ஆங்கிலம் கற்றோர் விரல் விட்டு எண்ணத்தக்கவராய் இருந்த காலம் அது. பல்கலைக்கழகம் தோன்றியதே 1857இல்.

அவ்விதழ் முதலில் எடுத்துக்கொண்ட போர் சமயத்தைப் பற்றியது. அன்றைய கவர்னர் ட்வீட்டேல் பிரபு 1846இல் சர்க்கார்ப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடநூலாக வைக்கலாம் என்று கருதினார். சென்னை இந்துக்கள் அவ்வாண்டு அக்டோபரில் கூட்டம் கூடிக் கும்பினி இயக்குநர்களுக்கு விண்ணப்பம் விடுத்தனர். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் செட்டியார். இயக்குநர்களும் விவிலியத் திட்டத்தை ஏற்கவில்லை. இதனைக் கேட்டு மகிழும் மரபினர், அதன் அடுத்த பக்கத்தையும் புரட்டவேண்டும். சமயம் மாறியவருக்கும் குடும்பச் சொத்தில் உரிமை உண்டு என்று 1850இல் ஒரு சட்டம் வந்தது. அதனையும் சென்னை இந்துக்கள் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பிலும் செட்டியார் முன்னின்றார். இன்று பார்க்கும்போது அச்சட்டத்தில் நியாயம் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. முன்னோரைத் தேடப் புகுந்தவர் தமக்கு உவப்பானதை மட்டும் குறித்துக்கொண்டு வருவாராயின், அவர் தேடியது வரலாறு அன்று, வாழ்த்துமடல்.

1852 பிப்ரவரியில் சென்னைச் சுதேசிகள் சங்கம் தோன்றிற்று. கல்கத்தாவில் முந்திய ஆண்டு தோன்றிய பிரிட்டிஷ் இந்தியச் சங்கத்தின் கிளையாகத் தொடங்கி, சில திங்களில் தனித்து நிற்கலாயிற்று. கல்கத்தாவார் ஜமீன்தார்கள்; அவர்கள் கவலை வேறு. சென்னை ராஜதானியிலோ ரயத்துவாரி முறை. குடியானவன் ஒவ்வொருவனும் சர்க்காருக்கு நேரே வரி செலுத்த வேண்டியவன். தீர்வையின் சுமை, அதனை வசூலிக்கும் கொடுமை, கோர்ட்டுகளின் தாமதம், பாழாய்க் கிடந்த ஏரி குளங்கள், போடப்படாத சாலைகள், போதாத கல்விச் செலவு ஆகிய இவற்றையெல்லாம் தொகுத்துச் சங்கத்தார் பாராளுமன்றத்துக்கு நீண்ட மனு ஒன்று எழுதினர். கும்பினியின் சாசனம் 1853இல் புதுப்பிக்கப்பட இருந்தது. அதற்குமுன் தம் குறையைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். ஆனால் பாராளுமன்றம் கும்பினியின் ஆட்சியை நீடிக்கவே செய்தது.

பிறர் இத்துடன் சோர்ந்திருப்பர். செட்டியார் சோரவில்லை. லண்டனில் 1853இல் இந்தியச் சீர்திருத்தக் கழகம் ஒன்று ஏற்பட்டிருந்தது. அதன் தலைவர் பாராளுமன்ற உறுப்பினர் டான்பி ஸீமோர். அவர் அவ்வாண்டிலேயே இந்தியாவுக்கு வந்தார். மனுவில் எழுதியவை மெய்தானா என்று தம் கண்ணால் காண விரும்பிய அவரைச் செட்டியார் தாமே ஊர்களுக்கு அழைத்துச் சென்றார். அங்கே குடியானவர்களே அவரிடம் பேசினர். தீர்வை கட்டத் தவறியவர்களைச் சர்க்கார்ச் சேவகர்கள் எவ்வாறு வதைத்தனர் என்று, வதைபட்டவர்கள் வாயாலேயே அந்த ஆங்கிலேயர் கேட்டார். சென்னையில் அமர்ந்து எழுதிய மனுவால் ஆகாதது, ஊரில் நின்று கேட்ட சொல்லால் ஆயிற்று.

1854இல் லண்டன் பொதுமக்கள் சபையில் ஸீமோரும் அவரைச் சார்ந்தோரும் இதனை எடுத்துரைத்தபோது, சென்னையில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியோர் சிலர், அத்தகைய கொடுமையை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை என மறுத்தனர். மறுப்பின் வேகமே விசாரணையைக் கொண்டுவந்தது. அவ்வாண்டிலேயே எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட குழு சென்னையில் அமர்ந்தது. அந்த ஆண்டின் பெயர் ஆனந்த. அடுத்து வந்தது இராட்சச. பெயரை மாற்றி வைத்திருக்கலாம் என்று படிப்பவருக்குத் தோன்றும்.

அக்குழுவின் அறிக்கை 1855இல் வெளிவந்தது. குழுவிடம் வந்த முறையீடுகள் 1,959. அவற்றுள் 519 நேரில் வந்து சொன்னவை. 1,440 கடிதமாக வந்தவை. ரயில் இல்லை. சென்னையிலிருந்து மேற்கே முதல் ரயில் ஓடியதே 1856இல்தான். விசாரணையோ சென்னையில் மட்டும் நடந்தது. நூற்றுக்கணக்கான மைல் கடந்து, கைச்சோறு தின்று, சத்திரத்தில் படுத்து, வெள்ளைக்காரத் துரைகள் மூவர் முன் நின்று தாம் பட்ட அவமானத்தைச் சொல்வதற்கு 519 பேர் வந்தனர். திரும்பி ஊர் சென்றபின் அதே சேவகனுக்கு நடுவில்தான் அவர்கள் வாழவேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அவ்வறிக்கை ஆங்கிலத்தில் உள்ளது. ஆயினும் தமிழறியாதவர் அதனை முழுதும் உணர இயலாது என்பேன். வதைமுறைகளின் பெயர்கள் ஆங்கில எழுத்தில் தமிழாகவே நிற்கின்றன. 'கிட்டி' என்று ஒரு சொல். இரு கழிகளின் இடையே கைவிரல்களையோ வேறு உறுப்புகளையோ வைத்து நெருக்குவது அது. 'அனந்தால்' என்பதுபோல மற்றொரு சொல் வரும். ஆங்கிலேயர் அதனை என்னவென்று ஒலித்தாரோ! திண்ணைப் பள்ளிக்கூடத்துத் தண்டனைகளை அறிந்த பெரியவர்களுக்கு அது அண்ணாந்தாள் என்பது உடனே விளங்கும். உடலை வளைத்துக் கயிற்றால் பிணித்து வெயிலில் நிறுத்திவிடுவது. எத்தனை ரூபாய்க்கு? சில இடங்களில் மிகச் சிறு தொகைக்காக.

குழு என்ன முடிவு கூறிற்று? தீர்வை வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் வதை வழக்கம் பரவலாக இருந்தது என்று ஐயத்துக்கிடமின்றி ஒப்புக்கொண்டது. ஆனால் ஆங்கிலேய அதிகாரிகள் அதற்கு உடந்தை இல்லை என்றும், குற்றம் செய்தோர் சுதேசிகளாகிய கீழுத்தியோகஸ்தர்களே என்றும் எழுதிற்று. இம்முடிவைக் கடல் கடந்து ஒருவர் கடுமையாக ஆராய்ந்தார். 1857இல் வடக்கே பெருங்கலகம் மூண்டிருந்தபோது, இந்தியர்களின் கொடுமையைப் பற்றியே ஐரோப்பியப் பத்திரிகைகள் பேசிக்கொண்டிருந்தன. அப்போது அமெரிக்க நாட்டு 'நியூயார்க் டெய்லி டிரிப்யூன்' இதழில், செப்டம்பர் 17 அன்று, இந்தியாவில் நடந்த சித்திரவதை விசாரணை பற்றிக் கட்டுரையொன்று வந்தது. எழுதியவர் கார்ல் மார்க்ஸ். அவர் சான்றாகக் கொண்டது இச்சென்னை அறிக்கையையே. சென்னை வணிகர் ஒருவர் ஊரூராக அழைத்துச் சென்று கேட்பித்த குரல், லண்டன் சென்று, திரும்பிச் சென்னைக்கு வந்து, பின் நியூயார்க் வரை சென்றது.

இனி நாம் சிறிது நெஞ்சுரத்தோடு நோக்கவேண்டிய இடம் வருகிறது. அறிக்கை குற்றம் சாட்டும் தாசில்தார்களும் சிரஸ்தேதார்களும் யார்? எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர்களுடைய பேரர்கள் வக்கீலானார்கள், கலெக்டர் ஆபீஸ் மானேஜரானார்கள், அவர்கள் மக்கள் டில்லிச் செக்ரடேரியட்டுக்கு வந்தார்கள். "எங்கள் மூதாதை அந்த நாளில் தாசில்தார், ஊரே நடுங்கும்" என்று நாம் பெருமை பேசியதுண்டு. ஊர் ஏன் நடுங்கிற்று என்பதற்கு அவ்வறிக்கையில் விடை இருக்கிறது. ஒவ்வொரு தாசில்தாரும் கொடியவர் என்று நான் சொல்லவில்லை. குறித்த நாளில் குறித்த தொகை வந்தாக வேண்டும் என்று மேலிருந்து கலெக்டர் நெருக்கினார்; கீழிருந்தவர் அந்நெருக்கடியைக் குடியானவன் முதுகில் இறக்கினார். கலெக்டர் கேட்டது தொகையை. அது வந்த வழியைக் கேட்கவில்லை. குழு ஆங்கிலேயரை விடுவித்தது பொருந்தாது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் கிட்டியைப் பிடித்த கை நம்மவர் கையே என்பதை மறைத்து முன்னோர் வரலாறு எழுத இயலாது.

அறிக்கையின் விளைவுகளில் ஒன்று நிலையானது. தீர்வை வசூலிப்பவரே போலீஸ் அதிகாரமும் செலுத்திவந்த முறை ஒழிந்து, 1859ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை ராஜதானிக்குத் தனிப் போலீஸ் படை ஏற்பட்டது. இதனை எழுதும் நூல்களில் செட்டியார் பெயர் வருவது அரிது.

இதனால்தான் ஒரு முறையை வலியுறுத்துகிறேன். முன்னோர் பெயரை மட்டும் தேடிக்கொண்டிராமல், அவர் எடுத்துக்கொண்ட காரியத்தையும் தேடவேண்டும். செட்டியார் பெயரை அகராதி வரிசையில் தேடினால் ஒரு விருதும் ஒரு நியமனமும் கிட்டும். காரியத்தைத் தேடினால் ஸீமோர் பேச்சு கிட்டும், குழுவின் அறிக்கை கிட்டும், கலெக்டர்கள் சினந்து எழுதிய பதில்கள் கிட்டும். பொதுவாழ்வில் உண்மையாக உழைத்தவரைப் பற்றி அவருடைய பகைவர் எழுதியதே மிகுதியாக இருக்கும். லண்டன் பாராளுமன்றப் பேச்சுகள் அச்சாகி, இன்று இணையத்திலும் எவரும் படிக்கும்படி உள்ளன. அவற்றைப் பார்க்காமல் அக்காலத்து அரசியலாளர் எவர் வரலாறும் நிறைவுறாது.

சட்டசபை என்ற சொல்லையும் நாம் அக்காலப் பொருளில் கொள்ளவேண்டும். 1861ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னைச் சபையில் உறுப்பினரைக் கவர்னர் நியமித்தார். வாக்குச் சீட்டு என்பது இல்லை. கொண்டுவரப்பட்ட மசோதாவைப் பற்றி மட்டும் பேசலாம். கேள்வி கேட்கவும் வரவு செலவைப் பற்றி விவாதிக்கவும் 1892ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரே இடமுண்டாயிற்று. சபையின் முதல் இந்திய உறுப்பினர் வெ. சடகோபாசார்லு மறைந்தபின், 1863இல் செட்டியார் அவ்விடத்தில் நியமனமானார். ஆகவே, "சட்டசபையில் என்ன பேசினார்?" என்ற நம் பழைய கேள்விக்கு 1892க்கு முந்திய முன்னோரைப் பொறுத்தவரை விடை சுருங்கியே இருக்கும். அதனால் வருந்த வேண்டியதில்லை. சபைக்குள் வாய் கட்டப்பட்டிருந்தவர்கள் வெளியே கூட்டத்திலும் பத்திரிகையிலும் மனுவிலும் பேசியிருப்பார்கள். அங்கே தேடவேண்டும்.

தேடுவோர் வழுக்கி விழும் மற்றோர் இடத்தையும் குறிப்பிடவேண்டும். ஒரே பெயரில் பலர் வருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னையில் நார்ட்டன் என்ற பெயரில் மூன்று புகழ்பெற்ற வழக்கறிஞர்கள் உண்டு. பச்சையப்பர் அறக்கட்டளைக்குத் துணைநின்ற அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் ஒருவர். சித்திரவதைக் குழுவில் அமர்ந்த ஜான் புரூஸ் நார்ட்டன் மற்றொருவர். இவருடைய மைந்தர் எர்ட்லி நார்ட்டன் மூன்றாமவர். தொடக்ககாலக் காங்கிரஸில் முழங்கியவர். பின்பு 1908இல் தொடங்கிய அலிப்பூர் வழக்கிலே அரவிந்தருக்கு எதிராக சர்க்கார் தரப்பில் வாதாடியவர். இம்மூவரையும் ஒருவராகக் கலந்துவிட்டால் வரலாறு என்னவாகும்! ஆங்கிலேயர் பெயருக்கே இப்படியென்றால், ஊருக்கு நூறு ராமசாமி முதலியார்களைக் கொண்ட நம் நாட்டில் எத்துணை விழிப்பு வேண்டும்? தந்தை பெயர், ஊர், தொழில் ஆகிய மூன்றில் இரண்டேனும் பொருந்தினாலன்றி, ஏட்டில் கண்டவரை நம் முன்னோர் என்று துணியலாகாது.

செட்டியாரின் கடைசிக் காலம் துயரமானது. பத்திரிகைக்கும் சங்கத்துக்கும் மனுக்களுக்கும் தம் பொருளை வாரி இறைத்தார். அவர் நிறுவிய சங்கம் 1862 அளவிலேயே செயலற்றுப் போயிற்று. 1868இல் அவர் மறைந்தபோது ஏறக்குறைய வறியவராக இருந்தார். 1884இல் வீரராகவாசாரியாரும் சுப்பிரமணிய ஐயரும் ஆனந்தாசார்லுவும் சென்னை மகாஜன சபையை நிறுவினர். அடுத்த ஆண்டு பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸில், முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அந்தச் சுப்பிரமணிய ஐயரே. அத்தீர்மானம் கேட்டது என்ன தெரியுமா? இந்திய ஆட்சியைப் பற்றி முறையான விசாரணை வேண்டும் என்பது. 1852ஆம் ஆண்டு மனுவின் குரல் அதில் கேட்கிறதா என்று நேயர்கள் தாமே முடிவு செய்துகொள்ளலாம். 1890களில் தென்னிந்தியப் பெரியோர் வரலாறுகளைத் தொகுத்த ஜி. பரமேஸ்வரன் பிள்ளை போன்றோர் எழுதி வைத்தமையால்தான் செட்டியார் நமக்கு இத்தனையளவேனும் கிட்டினார்.

இப்பொழுது நம் வீடுகளுக்கு வருவோம். சர்க்கார்க் குவார்ட்டர்ஸில் வாழ்ந்த குடும்பங்கள் மாற்றலாகும்போதும் ஓய்வு பெறும்போதும் முதலில் கழிப்பது பழைய டிரங்குப் பெட்டியை. அதற்குள் பாகப் பத்திரம், பேரேடு, ஜாதகக் கட்டு, கலியாணப் பத்திரிகை, மோடியெழுத்தோ தெலுங்கோ என்று யாருக்கும் விளங்காத ஓலை நறுக்கு எல்லாம் கிடக்கும். "யாருக்கு இது படிக்கத் தெரியும்?" என்று கபாடிக்காரனிடம் எடை போட்டுக் கொடுத்துவிடுகிறோம். நமக்குப் படிக்கத் தெரியாதது குற்றமில்லை; படிக்கத் தெரிந்தவர் இன்னும் இருக்கிறார்கள். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்திலும் எழும்பூரிலும் பழைய எழுத்தறிந்தோரை விசாரிக்கலாம். அதுவரை அவற்றைப் படமெடுத்து வைக்க இன்று ஒவ்வொருவர் கையிலும் கருவி உண்டு. வீட்டில் மூத்த பெண்மணிகளையும் மறவாது கேட்கவேண்டும். ஆண்கள் பட்டத்தையும் சொத்தையும் நினைவில் வைப்பர். யார் யாருக்கு எந்த ஊரில் பெண் கொடுத்தோம், எந்த ஆண்டு ஊரைவிட்டுக் கிளம்பினோம், ஏன் கிளம்பினோம் என்பதைப் பாட்டிமாரே அறிவர். ஊர்ப் பெயரும் கிளம்பிய காரணமும் கிட்டினால், காப்பகத்தில் எந்த மாவட்டத்துக் கட்டைக் கேட்பது என்பது தெளிவாகும்.

1855ஆம் ஆண்டு அறிக்கை இப்போது இணையத்தில் எவரும் புரட்டிப் பார்க்கும்படி கிடைக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்துக் கலெக்டரும் குழுவுக்கு எழுதிய பதில்கள் அதில் உண்டு. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர், மதுரை, திருநெல்வேலி என்று நம் ஊர்களின் பெயர்கள் விந்தையான ஆங்கில எழுத்தில் வரும். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். அங்கே நம் முன்னோர் தாசில்தாராகவும் வரலாம், முறையிட வந்தவராகவும் வரலாம். இரண்டிலும் வராதவர்களே மிகப் பலர். அவர்கள் தீர்வையைக் கட்டிவிட்டு வாய்மூடியிருந்தவர்கள். அவர்களுக்கு எழும்பூரிலுள்ள நிலவரிக் கணக்குகளில்தான் தேடவேண்டும்.